இடது பக்கம் நின்றவர்

பியூலி,
செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மைரிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தினம் மழையில் நனைந்தாலும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தான் என்பதைப் பதிலில் முதல் வரியாக எழுதிவிடு, அதற்குப் பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கறுப்புக் கோழி முட்டை இடுவதை நிறுத்திவிட்டது, சூப் வைத்துவிடலாம் என்றால் அப்பா அதனோடு பேசிப் பழகிவிட்டார், விடமாட்டேன் என்கிறார். உருளைக்கிழங்கு பாதிதான் தோண்டியிருக்கிறது, மீதி சேற்றில் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சீசன் முடியாத செப்டம்பரில், அம்மா எப்படி வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்று இந்நேரம் உனக்குப் புருவம் சுருங்கியிருக்கும். உட்கார்ந்து என்று சொன்னது பாதிதான் உண்மை. இந்த ஒரு பக்கத்துக்குள் நாலு தடவை எழுந்துவிட்டேன், ஒரு தடவை அடுப்பைத் துடைத்தேன், ஒரு தடவை கேட் வரை போய் வந்தேன், இருப்புக் கொள்ளவில்லை. "உனா, ஒண்ணு உக்காரு, இல்லே எங்கயாவது போ, இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்காத, எனக்குத் தலை சுத்துது" என்று அப்பா கோழிக்கூண்டுக்குப் போய்விட்டார். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் பேசுவாய், நான் அதைச் சாக்காக வைத்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்து முடிக்காமல் போனை எடுக்காதே.

நான் பஸ் ஓட்டுவதை நிறுத்தி இன்றோடு பதினாலு நாள் ஆகிறது. காரணம் மார்ச்சிலிருந்து தொடங்குகிறது. புதுக் கண்ணாடி வாங்க இன்வர்னஸ் போயிருந்தேனே, அப்போது கண் சோதித்த பெண் ஒரு கருவிக்குள் பார்க்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னாள். நான் பாட்டுக்கு அமுக்கினேன். முடிந்ததும் அவள் இன்னொரு தடவை செய்யலாமா என்று கேட்டாள். இடது கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது, ஓரத்துப் பார்வை குறைந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருகிறேன், லைசென்ஸ் அலுவலகத்துக்கும் நீங்களே தெரியப்படுத்த வேண்டும், ஓட்டுவது என்ன வண்டி என்று கேட்டாள். சின்னக் கார் என்றேன். பதினாறு பேர் ஏறும் பஸ் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே, வாயில் அதுதான் வந்தது. ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது, முதலாளி நீல் மக்காஸ்கில்லிடம் நாலே நாலு டிரைவர், அவனை நட்டாற்றில் விட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நல்ல காரணம்போல இருந்தது. உண்மையான காரணம், ஓட்டாமல் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் மே மாதம் நாள் கொடுத்தார்கள், அக்டோபருக்குத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. கழுத்தை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டப் பழகினேன். ஜூனில் ஒரு டச்சுக்கார அம்மாள் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு கவனமாக எல்லாப் பக்கமும் பார்த்து ஓட்டும் டிரைவரை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் அதை அப்பாவிடம் பெருமையாகவும் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

செப்டம்பர் நாலாம் தேதி புதன்கிழமை. பதினாலு பேர். வழக்கமான சுற்றுதான், நெஸ் ஏரிக்கரையில் இடிந்த கோட்டை, அங்கே தண்ணீரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு அரை மணி, ஏரிக்குள் இருப்பதாகக் கதை சொல்கிற அந்தப் பிராணி இன்றைக்கு லீவா என்று யாராவது ஒருவர் கேட்பதும் நான் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பதும், பிறகு கண்ணை மறைக்க முடி தொங்கும் மாடுகளிடம் பத்து நிமிடம் என்று சொல்லி இறக்கிவிட்டு முப்பது நிமிடம் கழித்துக் கெஞ்சி ஏற்றுவது. மாட்டுக்கு முன்னால் கோட்டை, ஏரி, அரசர்கள் எல்லாம் ஒன்றுமில்லை மைரி, அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஓரல் பள்ளத்தாக்குக்குள் அருவிக்குப் போகும் பாதை. ஒரு வண்டி மட்டும் போகிற அகலம், இரண்டு வளைவுக்கு ஒரு ஒதுங்குமிடம். எதிரில் மர லாரி வந்தது, முழுப் பாரம், இறக்கத்தில் வருகிறான், அவனால் நிற்க முடியாது. இடது பக்கம் ஒதுங்குமிடம் இருந்தது, நான் கண்ணை லாரியிலேயே வைத்துக்கொண்டு ஒடித்து ஒதுங்கினேன். பெட்டி ஒன்று அலமாரியிலிருந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் கத்தினாள். இறங்கி ஓடினால் பெரணிப் புதருக்குள் ஒரு வயதானவர் மல்லாந்து கிடக்கிறார், முதுகில் பெரிய பை, அந்தப் பைதான் அவரைக் காப்பாற்றியது. பஸ்ஸின் பக்கக் கண்ணாடி அவர் கையில் பட்டுத் தள்ளியிருக்கிறது. அவர் போட்டிருந்தது மஞ்சள் மழைக்கோட்டு. அரை மைலுக்கு அப்பாலிருந்து தெரிகிற மஞ்சள். ஒதுங்குமிடத்தின் நடுவில் நின்றிருக்கிறார். நான் பார்க்கவில்லை. அசட்டையால் இல்லை, எனக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை, வெறும் புல்தான் இருந்தது.

இதற்கு மேல்தான் சொல்ல வாய் வராத இடம். அவர் எழுந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் சொன்ன வார்த்தை, "மன்னிச்சுக்கங்கம்மா, தப்பு என்னுதுதான். வண்டி ஒதுங்குற இடத்துல போயி நின்னு படம் புடிச்சுக்கிட்டு இருந்தேன், கிழட்டு முட்டாள்" என்பதுதான். பஸ்ஸில் இருந்தவர்களும் ஆமாம் ஆமாம், அவர் அங்கே நின்றிருக்கக் கூடாது, டிரைவர் என்ன செய்வாள் என்றார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர் தோளில் கை வைத்து, பரவாயில்லை, யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்றேன். நான் அவரை மன்னித்தேன், மைரி. அவரை பஸ்ஸில் ஏற்றி இன்வரோரல் கிராமத்து நர்ஸிடம் விட்டேன், அவர் எனக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார். மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள் என்று மறுநாள் நீல் சொன்னான். பயணிகள் சொன்னதையே அறிக்கையில் எழுதி அனுப்பிவிட்டேன், உனக்கு ஒன்றும் வராது, கவலைப்படாதே என்றான். அவர் பெயர் டெம்பிள்டன், கில்மார்னாக் ஊர்க்காரர், கூரைக்குக் கல் ஓடு வேய்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயது என்பதும் நீல் சொல்லித்தான் தெரியும்.

அதற்குப் பிறகும் நாலு நாள் ஓட்டினேன். ஒளிக்கவில்லை, நாலு நாள். வேகத்தைக் குறைத்தேன், பின்னால் கார்கள் ஊர்வலம்போல வந்தன. ராத்திரிச் சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. அப்பா ஏதோ கேட்டால் வள்ளென்று விழுந்தேன். வீட்டில் நிலைப்படி, அலமாரிக் கதவு, இடது பக்கம் இருக்கிற எல்லாவற்றிலும் இடித்துக்கொள்கிறேன் என்பதை அப்போதுதான் எண்ணத் தொடங்கினேன். பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை மறுபடி அதே பாதை. இன்வரோரலில் தேநீருக்கு இருபத்தைந்து நிமிடம் நிறுத்தினேன். கடைக்குள் மிட்டாய் வாங்கப் போனவள் கதவோரம் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். பூனையைக் காணவில்லை, தேவாலயத்தில் சூப் விருந்து, இவற்றுக்கு நடுவில் கோணல் மாணலான எழுத்தில் ஒரு அட்டை, வலது கை கட்டுப் போட்டவர் இடது கையால் எழுதியது. ஒருவர் தங்கும் கூடாரம், சின்ன அடுப்பு, ஒன்பதாம் நம்பர் பூட்ஸ், நல்ல நிலையில், வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம், எனக்கு இனி தேவையில்லை, மலையேறிகள் விடுதியில் கேட்கவும், டெம்பிள்டன். கடைக்காரி, பாவம், நாளைக்கு மகள் வந்து கூட்டிக்கொண்டு போகிறாளாம், இனி நடக்கப் போவதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம் என்றாள். மிட்டாயைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

விடுதி வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, நலம் விசாரிக்க வந்தேன் என்று நினைத்து, பக்கத்தில் இடம் விட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். வேலையை விட்ட வருஷத்திலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் தனியாகக் கூடாரத்தோடு நடக்கிறாராம், மகள் லோர்னாவுக்கு அது பிடிக்காது, வயதாகிவிட்டது என்பாள், நாற்பது வருஷம் கூரை மேல் நின்றவனுக்குத் தரையில் நிற்கத் தெரியாதா என்று சிரித்துவிடுவாராம். இப்போது அவள் சொன்னதுதான் சரி என்றார், ஓடுகிற வண்டிக்கு முன்னால் நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றவன் மலையில் எங்கே விழுந்து கிடப்பானோ, அவளுக்கு ஏன் அந்த வேதனை என்றார். நிதானமாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லும்போது நல்ல கையால் கட்டுப் போட்ட கையை அமுக்கிக்கொண்டே இருந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். நீங்கள் சரியான இடத்தில்தான் நின்றீர்கள், நடக்கிறவர்கள் ஒதுங்குவதும் அங்கேதான், எனக்கு இடது கண் ஓரத்தில் பார்வை இல்லை, அது எனக்கு மார்ச்சிலிருந்து தெரியும் என்றேன். பொடிக்கொசு அவர் முகத்தில் மொய்த்தது, விரட்டவில்லை. பிறகு, "ஆறு நாளா எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். அழுகை வந்தது எனக்கு, அதை அவர் பார்க்க விரும்பவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பின பக்கம் என் பஸ் நின்றது. "சரி, அந்த வண்டிய இப்ப யாரு ஓட்டப் போறது?" என்று கேட்டார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், நான் அதை யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்டு, மனசு லேசாகி, ஏறி ஓட்டிக்கொண்டு இன்வர்னஸ் போய், மாலையில் நீலிடம் பேசலாம் என்றுதான் கால் கிளம்பி வந்திருந்தது. அவர் அப்படிக் கேட்டதும் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினேன். நீலுக்குப் போன் செய்தேன். அவன், "பதினாறு பேரு உனா. சீசன் பூரா தினம் பதினாறு பேரு" என்றான், அதைவிடக் கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வேறு டிரைவரோடு வர இரண்டரை மணி நேரம் ஆகும், வண்டியைத் தொடாதே என்று வைத்துவிட்டான். பயணிகளை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து அவர்களிடமும் சொன்னேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையை இறுக்கிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள், அது நியாயம்தான். ஒருவர், காலையிலிருந்து எங்கள் உயிரோடு விளையாடினீர்களா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பெல்ஃபாஸ்ட்காரர் ஒருவர் மட்டும், அப்படியானால் அருவி உண்டா இல்லையா என்றார். அதற்குள் டெம்பிள்டன் வந்து தன் போனை என் கையில் கொடுத்தார், மறுமுனையில் லோர்னா. எங்கிட்ட சொன்னத அவகிட்டயும் சொல்லுங்க என்றார். சொன்னேன். அந்தப் பெண் திட்டினாள் பார், கில்மார்னாக்கில் அவ்வளவு வார்த்தை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் அப்பாவை நான் குழந்தைபோல அடக்கி வைத்தேனே, ஆறு நாள் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாரே, நீங்கள்தானே காரணம் என்று கடைசியில் அவளும் அழுதாள். கேட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய. ஒரு மகள் போனில் அழும்போது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, ஆனால் அன்றைக்கும் உனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அருவிப் பாதை விடுதிக்குப் பின்னாலிருந்து ஏறுகிறது. இரண்டரை மணி நேரம் சும்மா நிற்பதா என்று டெம்பிள்டன் பயணிகளைப் பார்த்து, "வர்றவங்க வாங்க, எனக்கு ஒரு கைதான் போச்சு, காலு ரெண்டும் இருக்கு" என்று கிளம்பிவிட்டார். அந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக ஏறினார்கள். நான் பஸ்ஸோடு நின்றேன், பழக்கம். நீங்களும் வரலாம், வண்டி எங்கேயும் ஓடிவிடாது என்றார் திரும்பாமலே. பத்தொன்பது வருஷமாக அந்த இடத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, அறுபது அடி உயரம், கல் வழுக்கும், இடது பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒன்றரை மணிக்குள் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட மேலே போனதில்லை. டிரைவர் வண்டியை விட்டுப் போகக் கூடாது. கயிறே இல்லை மைரி. எப்போதோ அறுந்து போயிருக்கிறது, இரும்புக் கம்பி மட்டும் நிற்கிறது, யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் இல்லாத கயிற்றைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். வழுக்குகிற இடத்தில் அவர் நின்று, ஒவ்வொருவருக்கும் நல்ல கையைக் கொடுத்து ஏற்றிவிட்டார், எனக்கும் கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேலே அருவி, சத்தம் அதிகம், குளிர் அதிகம், நான் வர்ணித்ததைவிடக் குட்டைதான், ஆனால் அது விழுகிற பாறை முழுக்கக் கறுப்பாக, ஈரமாக, பாசியோடு மினுங்குகிறது. முழுசாகப் பார்க்கத் தலையை அங்கேயும் இங்கேயும் திருப்ப வேண்டியிருந்தது. பெல்ஃபாஸ்ட்காரர், இதற்காகவா இவ்வளவு தூரம் என்றார், பிறகு அரை மணி நேரம் அங்கேயிருந்து அவரை நகர்த்த முடியவில்லை.

நீல் வந்தான், சாவியை வாங்கிக்கொண்டான், என்னைக் காரில் பின் சீட்டில் உட்காரச் சொன்னான், வீடு வரை பேசவில்லை. இன்று வரை பேசவில்லை. அவன் அறிக்கையைத் திருத்தி எழுதி, காப்பீட்டுக்காரர்களுக்கும் போலீசுக்கும் சொல்லிவிட்டான், ஒருவர் வந்து என்னிடம் இரண்டு மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டு போனார், வழக்கு வரலாம். வந்தால் நிற்பேன், நீ அதற்காக டிக்கெட் எடுத்துக்கொண்டு வராதே. லைசென்ஸை நானே அனுப்பிவிட்டேன். அப்பா கேட்டதும் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தன் பழைய காரில் என்னைத் தினம் எங்கேயாவது கூட்டிப் போகிறார், நான் பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு, வளைவு, வளைவு என்கிறேன், நேற்று கோர்ஸ் முட்புதர் பூத்த மேட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கி நட என்றுவிட்டார். காலை ஒன்பது பத்துக்குப் பாலத்தில் நம் பஸ் போகும், யாரோ புதுப் பையன் ஓட்டுகிறான், கியர் மாற்றுவது எனக்குச் சமையலறை வரை கேட்கிறது, அந்த நேரத்துக்குக் கால் தானாகவே கேட்டுக்குப் போய்விடுகிறது. டெம்பிள்டனிடமிருந்து ஒரு அட்டை வந்தது, பின்பக்கம் படம்கூட இல்லை, கேர்ன்கார்ம் மலைப் பக்கம் நடக்கிறேன், மழை, லோர்னா தினமும் ஆறு மணிக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறாள் என்று மூன்றே வரி. அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

அக்டோபர் நாளை முன்னுக்கு மாற்றிக் கேட்டு, போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன், அப்பாதான் ஓட்டினார். டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். போன பார்வை போனதுதான், திரும்ப வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், மார்ச்சிலேயே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னாள். காலை ஒரு சொட்டு, இரவு ஒரு சொட்டு, அப்பா கோழிக்குத் தீனி வைப்பதுபோல நேரம் தவறாமல் விடுகிறார். கடைசியில் அவள், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். ஒரு மகள், நியூசிலாந்தில் இருக்கிறாள், முப்பத்தெட்டு வயது, தினம் ஒரு மணி நேரம் கார் ஓட்டி வேலைக்குப் போகிறாள் என்றேன். இது குடும்பத்தில் இறங்குகிற நோய், வலிக்காது, தெரியாது, அவள் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும், சொல்லிவிட்டீர்களா என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன்.

வாயில் அதுதான் வந்தது மைரி. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார். தபால் வண்டி பன்னிரண்டேகாலுக்கு வரும். அதற்குள் இதை ஒட்டிக் கொடுத்துவிட்டால், அந்த டாக்டர் பெண்ணிடம் நான் சொன்னது நாலு நாள் தாமதமான உண்மையாகிவிடும்.

கடிதம் கிடைத்த வாரமே போ, அடுத்த வாரம் என்று சொல்லாதே. புள்ளி தெரிகிறதா என்று கேட்டால் தெரிகிறதை மட்டும் சொல். இரண்டு கண்ணுக்கும் அழுத்தம் எவ்வளவு என்று எண்ணை எழுதி வாங்கி எனக்கு அனுப்பு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. கடவுள் உன் பார்வையையும் உன் பாதையையும் காக்கட்டும், நீ நூறு வயது வரை எல்லாப் பக்கமும் பார்த்து நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
உனா ராங்கின்